அப்பா வேலை, அம்மா வேலை

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் எங்க மெக்னெஸ் ஊர்ல பாடம் நடக்காது. டீச்சர் ஆளுக்கு ஒரு பாதித் தாள் கொடுப்பாங்க. பேரு, அப்பா வேலை, அம்மா வேலை எழுதித் தரணும்.

ஹாஜருக்கு அந்தத் தாளைக் கண்டாலே ஆகாது. அநாதை இல்லத்துல வளந்தவ. முதல்ல கூட்டிட்டுப் போன குடும்பம் ரெண்டே வருஷத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுச்சு. அப்புறம் நீதிபதி கையெழுத்துப் போட்டு என்கிட்ட ஒப்படைச்சாரு, தத்து இல்ல, பதினெட்டு வயசு வரைக்கும் வளக்கற பொறுப்பு மட்டும். நாலு வருஷமாச்சு, என்னை சித்தின்னுதான் கூப்பிடுவா. நான் யம்னா, ஹம்மாம்ங்கற பொது வெந்நீர்க் குளியல்கூடத்துல குளிக்க வர்ற பொம்பளைங்களுக்கு முதுகு தேய்க்கிறவ.

வருஷா வருஷம் தாளை வெறுமையா கொடுத்துட்டு வருவா. புள்ளைங்க சும்மா விடுமா? "உங்கப்பா என்ன, ஜின் பூதமா?"ன்னு கேக்குங்க. போன வருஷம் ஒரு மாசம் பள்ளிக்கூடமே போகல. பதினெட்டு முடிஞ்சா சட்டப்படி நான் அவளுக்கு யாரோ. கையில படிப்பு இல்லேன்னா அவ கதி என்னன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வராது.

இந்த வருஷம் ஏழாவது, புதுப் பள்ளிக்கூடம். நான் பெரிய புத்திசாலி, முந்தின நாளே போய் நவால் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவகிட்ட மட்டும் அந்தத் தாளைக் கேக்காதீங்கன்னு கெஞ்சினேன். நல்ல மனுஷி, கண்ணு கலங்கிட்டாங்க.

மறுநாள் எல்லாருக்கும் தாளைக் கொடுத்துட்டு, "ஹாஜர், நீ எழுத வேணாம்மா"ன்னிருக்காங்க. நாப்பது தலையும் திரும்பிப் பாத்திருக்கு.

பத்து நாளா அவ பள்ளிக்கூடப் பையைத் தொடல. கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். பகலெல்லாம் ஹம்மாம்ல வெந்துட்டு வந்து இவகிட்டயும் வேகணும். இன்னிக்கு எனக்குத் தெம்பே இல்ல, தரையிலயே உக்காந்துட்டேன்.

"உனக்காகத்தானேடி போய்ச் சொன்னேன்."

"யாரு உன்னைச் சொல்லச் சொன்னா சித்தி? இந்த வருஷம் எழுதறதாத்தான் இருந்தேன்."

"என்னன்னு?"

"அம்மா யம்னா, ஹம்மாம்ல முதுகு தேய்க்கிறாங்கன்னு."

நாலு வருஷம் காத்திருந்ததை நானே ஓடிப்போய்க் கெடுத்துட்டு வந்திருக்கேன்.

"நாளைக்கு நான் வந்து டீச்சர்கிட்ட..."

"நீ வராத. நானே தாளைக் கேட்டு வாங்கி எழுதறேன்."

"அப்பா வேலைன்னு ஒண்ணு இருக்கேடி?"

"அது காலியா இருந்துட்டுப் போகட்டும் சித்தி."