மீன் பெயர் சொல்லாத டிரைவர்

மூளையில் அடிபட்டவர்களின் பேச்சையும் நினைவையும் கவனத்தையும் சோதிப்பது என் வேலை. எங்கள் நரம்பு உளவியலே தனித்தனி நோயாளிகளால் வளர்ந்த துறை. ஒரே ஓர் அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இறந்த பிறகு, மூளையைத் திறந்து பார்த்துத்தான் பேச்சுக்கான இடத்தைக் கண்டார்கள். பிறகு போர்களில் தலையில் குண்டு பாய்ந்த சிப்பாய்களிடமிருந்து நிறையக் கற்றார்கள். இப்போது ஸ்கேன் இருக்கிறது. என் நோயாளிகள் உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

அப்படித் திட்டியவர்களில் ஒருவர் தூத்துக்குடி விசைப்படகு டிரைவர். மூளையின் வலப்பக்கம் பாதித்துப் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறியிருந்தார். மறுபடி படகு ஓட்டலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக மனைவியோடு வந்திருந்தார்.

படங்களைக் காட்டிப் பெயர் கேட்டேன். ஒட்டகத்தைச் சட்டென்று சொன்னார். மீன் படத்துக்கு வாயே திறக்கவில்லை. படகுக்கும் அப்படியே. கடல் சம்பந்தமான பெயர்கள் மட்டும் அழிந்த மூளை! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் என் பெயரும் வரும் என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் முழிக்கிய? சொல்லுங்க" என்றார்.

"எதச் சொல்ல? வாலு பாறை மீனு மாதிரி, உடம்பு ஊளி மீனு மாதிரி. இப்படி ஒரு மீனு நம்ம கடல்லயே கிடையாது. அந்தப் படகும் அப்படித்தான். வரைஞ்சவன் கடலப் பாத்திருக்க மாட்டான், மேடம்."

"மீன்னு சொன்னா போதுமே, அண்ணாச்சி" என்றேன்.

"மீனுன்னு சொல்லுததுக்கா இம்புட்டு தூரம் வரச் சொன்னிய?"

மறுநாளும் அவர்களை வரச் சொல்லி, வீம்புக்குச் சந்தையில் ஏழு மீன் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தேன். நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். டிரைவரோ சீலா, விளமீன், பாறை என்று ஐந்தைக் கடகடவென்று சொல்லி, எது குழம்புக்கு, எது பொரிக்க என்றும் சேர்த்துச் சொன்னார். "முடிஞ்சுது. கையெழுத்துப் போடுங்க."

மீதி இரண்டு மீனும் அவருடைய இடப்பக்கம் கிடந்தன. கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டிருந்தது. அவர் தலையை மெதுவாகத் திருப்பிக் காட்டினேன்.

இரண்டு மீனையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "கடல்ல அங்கன ஒரு சின்ன வள்ளம் வந்திருந்தா?" என்று கேட்டார். "இப்ப கையெழுத்துப் போடாதிய மேடம். பழக்கி விடுங்க."

பயிற்சித் தாள்களைத் தேடி நான் அலமாரியைத் திறப்பதற்குள், மனைவி நாற்காலியை அவருடைய இடப்பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "இனிமே எம் மூஞ்சியப் பாக்கணும்னா திரும்பித்தான் ஆவணும்."

"ஏளா, எங்கன இருக்க?" என்று அவர் திரும்பினார். பாதியில் நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் திரும்பினார்.