அமலா சிஸ்டர் தன்மேல் போட்டுக்கொண்ட தவறு

அமலா சிஸ்டர் போய்விட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை அவருடைய தங்கை மகன் போனில் சொன்னபோது, நான் ஒரகடம் கூட்டுரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினேன். அவருடைய உறவும் நட்புமாக அங்கே கூடியிருந்த நீங்கள் ஆளுக்கொன்று சொல்லி அழுதீர்கள், சிரித்தீர்கள். அன்று நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

1991இல் நான் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்ரசர் ஆபரேட்டர். ஒருநாள் காற்றுக்குழாய் கழன்று, அதன் பித்தளை முனை இடது கண்ணில் அடித்தது. சில நாளில் வலியும் சிவப்பும் போய்விட்டன. பார்வை மட்டும் தெளியவில்லை. எதைப் பார்த்தாலும் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல நெளிந்தது. அமலா சிஸ்டர் வேலை பார்த்த சிறிய கண் மருத்துவமனைக்குப் போனேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

கண் அழுத்தம் பார்ப்பது அவர் வேலை. படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழியின் மேல் ஒரு குட்டிக் கருவியை நிறுத்தினார். இடது கண்ணில் முள் ஒரே ஓட்டமாகக் கோடி வரைக்கும் ஓடியது. கருவியைத் துடைத்து, அதன் பெட்டியிலிருந்த உலோகக் குமிழின் மேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் அளந்தார். அழுத்தம் ரொம்பக் குறைவு, கண் தொய்ந்திருந்தால்தான் இந்த முள் அதிகம் ஓடும் என்றார். குறைந்தால் நல்லதுதானே, என் அப்பாவுக்கு அழுத்தம் ஏறித்தானே கண் போனது என்று நான் மேதாவித்தனமாகக் கேட்டேன்.

"டயர்ல காத்து எறங்கினா சந்தோஷப்படுவீங்களா?" என்றார்.

டாக்டருக்கு அன்று கூட்டம் அதிகம். கண்ணில் புண் இல்லை, சிவப்பு இல்லை, கருவி பழசு, போகலாம் என்றார். அமலா சிஸ்டர் நகரவில்லை. "மெஷின் சரியாத்தான் கீது டாக்டர். கண்ணுதான் சரியில்ல."

டாக்டர் மறுபடி பார்த்தார். மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்ததில் வெளியே கசிவு இல்லை. பிறகு ஒரு லென்ஸை வைத்துக் கண்ணின் ஓரத்தை ஆராய்ந்தார். அடிபட்ட வேகத்தில் உள்தசை ஓரிடத்தில் சுவரிலிருந்து பிய்ந்திருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் அந்த வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கண் தொளதொளத்து, பின்னால் உள்ள திரையும் சுருங்கியிருந்தது. அப்படியே விட்டால் அந்தச் சுருக்கம் நிலைத்துவிடும் என்றார். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தும் ஆறு வார ஓய்வும் முதல் வைத்தியம். பிய்ந்த இடம் அதில் மூடாவிட்டால் சென்னையில் தையல்.

எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. லைனில் காற்று இறங்கினால் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவோம். எங்கேயும் குமிழி வரவில்லையென்றால் உள்ளே வால்வு விடுகிறது என்று அர்த்தம். அதை நாங்கள் 'பாஸ் ஆகிறது' என்போம். இதை அமலா சிஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. கம்பெனியில் புரியட்டும் என்று என் மருத்துவமனைச் சீட்டின் பின்பக்கம், 'இடது கண் உள்ளே பாஸ் ஆகிறது' என்று எழுதித் தந்தார்.

தொழிற்சாலை அலுவலகத்தில் சீட்டை வாங்கியவருக்கு மெஷின் பாஷை தெரியாது. இடது கண் பாஸ் என்று படித்துக்கொண்டு, நல்லதாகப் போயிற்று, நாளைக்கே ஷிப்டுக்கு வா என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம் வீட்டிலிருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்ற பயம். சொட்டு மருந்தையும் கண்ணில் விடவில்லை. விட்டால் பிரஷர் கேஜின் எண்கள் மங்கும்.

இரண்டு வாரம் நான் வராததால் அமலா சிஸ்டர் பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். கேட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது. அலுவலர் அந்தச் சீட்டைக் காட்டி, நீங்கள்தானே பாஸ் என்று எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டார். அவர் சீட்டைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அர்த்தம் தெரிந்துகொண்டே நான் சும்மா இருந்தது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"எழுத்து என்னோடது சார், தப்பும் என்னோடது. இவரு மேல ஒண்ணும் இல்ல. கண்ணு சரியானதும் இதே வேலைக்கு இவரே வரணும்" என்றார். அப்படியே எழுதியும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "கம்ப்ரசர் போனா வேற வாங்குவாங்க. கண்ணுக்கு ஸ்பேர் கெடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதன் பிறகு ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து விட்டேன். ஐந்தாவது வாரம், ஒருநாள் விடிந்ததும் கண்ணில் உயிர் போகிற வலி. வாந்தி வேறு. கண் போயே போய்விட்டது என்று என் மனைவி வசந்தா அழுதுகொண்டே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அமலா சிஸ்டர் கருவியை வைத்தார். முன்பு கோடிக்கு ஓடிய முள் இப்போது அசையவே இல்லை. அவர் முகம் மலர்ந்ததை வசந்தாதான் முதலில் பார்த்தாள்.

"அழாதம்மா. உள்ள மூடிக்கிச்சு. அதான் ஒரேயடியா ஏறிக்கீது. டாக்டர் எறக்கிடுவாரு."

டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரையிலும் சொட்டு மருந்திலும் சில நாளில் அழுத்தம் அடங்கியது. மெல்லப் பார்வையும் நேரானது. அதே கம்ப்ரசரில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன்.

மருத்துவமனையில் அந்தச் சீட்டுக் கதையை வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்களிடம், அமலா மாதிரி எழுதித் தொலைக்காதே என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் உடல் பக்கத்திலும் ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் அப்போதும் சும்மாதான் நின்றேன்.

இனி யாரும் அதை அப்படிச் சொல்லாதீர்கள். தவறு என்னுடையது. இப்படிப்பட்ட ஒருவருக்கு நோயாளியாக இருந்தேன் என்பதில் எனக்குத் நெஞ்சு கொள்ளாத பெருமை. அவரிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. வலது கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டது; இதை எழுதுவது இடது கண்.