ஆயிரம் பேர் ஊரில் முத்துவீரன்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த முத்துவீரன், கைப்பக்குவத்தால் மடகஸ்கர் போய்ச் சேர்ந்தார். இரத்தினபுரி மாணிக்க வியாபாரி பளீல் அந்நாட்டின் தலைநகர் அந்தனானரிவோவில் வீடெடுத்து, 1999இல் சமையலுக்கு அவரை அழைத்துப் போனார். பளீல் தெற்கே சுரங்கப் பக்கம் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை அந்தப் பெரிய வீட்டில் முத்துவீரன் தனியாள்.

பேச்சுத்துணை, வீடு கூட்ட வரும் வூலா மட்டும்தான். அவளிடம்தான் ஊர்ப் பாஷையும் ஊரின் கதையும் அவருக்குக் கிடைத்தன. ஒரு ராஜா அந்த மலையைப் பிடித்து ஆயிரம் வீரர்களைக் காவல் வைத்தானாம். ஊருக்குப் பேரே ‘ஆயிரம் பேர் ஊர்’ என்றாகிவிட்டதாம். கீழே கிடந்த சதுப்பை வெட்டி வயலாக்கினார்களாம். உயிரோடிருப்பவர்களுக்கு நெடுங்காலம் மர வீடுதான். கல் செத்தவர்களின் சமாதிக்கு மட்டும். பிறகு சட்டம் மாறி, கல்லும் செங்கல்லும் மலையேறின. பிரெஞ்சுக்காரர்கள் வந்து நீளநீளப் படிக்கட்டுகள் போட்டார்கள். அந்தப் படிகளில்தான் அவர் காய்கறி சுமந்து ஏறினார்.

2002இல் இரண்டு பேர் ‘நானே ஜனாதிபதி’ என்று நிற்க, ஒருவரின் ஆட்கள் நகரத்துக்கு வரும் சாலைகளை மறித்துப் பாலங்களைத் தகர்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மனைவி வெள்ளையம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவர் ஏறவிருந்த விமானமும் நின்றுபோனது. வூலா கஞ்சி காய்ச்சி வைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நாலு மாதம் கழித்து ஊர் வந்தபோது மயானத்தில் புல் மண்டியிருந்தது. மைத்துனி பிரேமலதா இரண்டு மேடுகளைக் காட்டினாள்.

“இதுல ஒண்ணுதான் மச்சான். நட்டு வச்ச குச்சி மழையில போயிருச்சு.”

அவர் இரண்டிலும் கற்பூரம் ஏற்றினார்.

அதன்பின் மடகஸ்கருக்கும் திரும்பவில்லை, பால் வெட்டவும் போகவில்லை. தெஹியோவிட்டவில் சாலி என்பவரின் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்தார். தோட்டத்து லய வீடுகளில் குடியிருந்தவர்கள் ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்த்தாரா என்று கேட்டார்கள். அங்கே சிங்கமே இல்லை என்றதும் அவர்களுக்குக் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை.

2009 தொடக்கத்தில் ஒரு பகல், கடைத் தொலைக்காட்சியில் அந்தனானரிவோ வந்தது. மறுபடி கலவரம். புகைக்குப் பின்னால் மலை தெரிந்தது. முத்துவீரன் கரண்டியோடு வெளியே வந்து, அது தான் இருந்த இடம் என்றார்.

“அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்களா?” என்று சாலி கேட்டார்.

“எங்க தெருவுல நான் ஒருத்தன்தாங்க மொதலாளி.”

அதற்குள் செய்தி வன்னியில் நடக்கும் போருக்குப் போய்விட்டது. சாலி சத்தத்தைக் குறைத்தார். முத்துவீரன் அடுப்படிக்குத் திரும்பினார். பருப்பு அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.