பித்தளைக் குழல் வைத்த சின்னக் கார்

காருக்குக் காற்றுக்குழல் மாற்றி வைத்தால் வேகம் கூடுமா என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. கூடாது. சத்தம் கூடும். அந்தச் சத்தத்தை வேகம் என்று நினைத்துக்கொள்ளும் ஆளும் கூடவே கிடைப்பார். எனக்குக் கிடைத்தவர் என் கணவர்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் செஞ்சியில் குடியிருந்தோம். கடைத்தெருவில் அவருக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் உள்ளூர்ப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். அதனால் கல்யாணமான மறுவாரமே என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அவர் அந்தக் காரை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை துணி. உட்கார்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொடலாம், அவ்வளவு தாழ்வு. சிவப்பு நிறம். பேருந்து நிலையம் பக்கம் போனால் டீ குடிப்பவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்ப்பார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். எங்கள் வீட்டு ஆண்டி மெட்ராஸில் ஒரு பட்டறைக்குப் போய் இரண்டு பித்தளைக் குழல்களோடு வந்து இறங்கினார்.

அந்தக் காரின் எஞ்சினுக்குக் காற்று போக ஒரு பில்டர் இருந்தது. இட்லிக் குண்டான் அளவில் ஒரு தகரச் சட்டி. அடியில் எண்ணெய் நிற்கும். காற்று அந்த எண்ணெயைத் தொட்டுக்கொண்டு போகும்போது தூசி அதிலே ஒட்டிக்கொள்ளும். அவர் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடத்தில் நேரடியாக இரண்டு குழல்களை மாட்டினார். நாதஸ்வரத்தின் வாய் மாதிரி விரிந்த குழல்கள். மறைக்க ஒரு வலைகூடக் கிடையாது. பந்தயக் கார்களில் இதுதான் வைக்கிறார்களாம்.

முதல் நாள் என்னை உட்காரவைத்து, கோட்டைக்கு நடுவே போகும் திருவண்ணாமலை சாலையில் ஓட்டினார். இரண்டு பக்கமும் பாறை மலை. சத்தம் மோதித் திரும்பி இரண்டு மடங்காக வந்தது. வெண்கலக் கடையில் யானை புகுந்ததுபோல் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இன்னா டீச்சர், எப்படி இருக்குது?"

"சத்தம் நல்லா இருக்குதுங்க."

"வேகத்தச் சொல்லு!"

"அத வாட்ச்ச வச்சுதான் சொல்லணும்."

சொன்னபடி வைத்தும் பார்த்தேன். திண்டிவனம் ரயில்வே கேட் வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழலோடும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டியோடும் போனோம். அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. அதிலும் குழல் வைத்த வாரம்தான் தாமதம். அவர் எதிரே வந்த மாட்டுவண்டிமேல் பழியைப் போட்டார்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வாய் பெரிசானால் வயிறு பெரிசாகுமா? சின்ன எஞ்சின் அதன் அளவுக்குத்தான் காற்றை இழுக்கும். காற்றைக் கூட்டினால் அதற்குத் தக்கபடி பெட்ரோலையும் கூட்ட வேண்டும், அதை இவர் தொடவே இல்லை. போதாததற்கு, குழல் இழுத்தது எஞ்சினுக்கு மேலேயே கொதித்துக்கொண்டிருந்த சூட்டுக்காற்றை. செஞ்சி வெயிலில் அதற்கு மேலும் சூடேற்ற வேண்டுமா? சுத்தமான பந்தயத் தளத்தில், எல்லாவற்றையும் கூடச் சேர்த்து மாற்றினால், ஏதாவது பலன் இருக்கலாம். எங்கள் செம்மண் சாலையில் கிடையாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "புஸ்தகத்துல இருக்கறது வேற, ரோட்டுல இருக்கறது வேற" என்று முடித்துவிட்டார்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் எனக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பி.எஸ்ஸி. முடித்திருந்தேனே தவிர, ஆசிரியர் பயிற்சியான பி.டி. என்னிடம் இல்லை. அது இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பயிற்சிக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குப் பதினொரு மணிக்கு வரச்சொல்லித்தான் அந்தக் கடிதம். கல்யாணமான பெண் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதா என்று என் மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "ஒரு தபாதான். கெடச்சா போ. கெடைக்கலன்னா அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். அவருக்கு எதிரில் எனக்காகப் பேசியவர் என் கணவர் ஒருவர்தான். பேசியதோடு விடாமல், "நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. அப்படியானால் பழைய பில்டரை மாட்டுங்கள் என்றேன். அதற்கும் கேட்கவில்லை. சண்டை போட நேரமில்லை. பரணிலிருந்து அந்தச் சட்டியை இறக்கி, துடைத்து, கிழிந்த வேட்டியில் சுற்றி, சான்றிதழ் பையோடு சேர்த்து சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மெட்ராஸ் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு டின் கடலை எண்ணெய் இருந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். வல்லம் தாண்டியதும் சாலை முழுக்கக் கம்புக் கதிர் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் தானே கதிர் அடித்துக்கொள்ளும், களத்து வேலை மிச்சம். ஆனிக் காற்று நன்றாக வீசியது. ஓரத்தில் பெண்கள் முறத்தால் தூற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். இவர், பெண்கள் பார்க்கிறார்கள் என்று அழுத்தினார். சத்தத்தைக் கேட்டு அவர்கள் கைகொட்டினார்கள்.

"ஐயா, இன்னொரு தபா ஏத்திட்டுப் போங்க!" என்று ஒரு பெண் கத்தினார்.

என் கணவர் வண்டியைத் திருப்பினார். "நேரமாகுதுங்க" என்றேன். "அவங்களுக்கும் உபகாரம்தானே" என்றார். திரும்ப ஒரு முறை ஏற்றினார். மெட்ராஸ் பக்கம் முகம் திருப்ப மூன்றாவது முறையும் ஏற்றியாக வேண்டியிருந்தது. கம்பின் உமியும் சுணையும் மேகமாக எழும்பின. தரையோடு தரையாகப் போகிற கார், திறந்த வாய்களால் அத்தனையையும் குடித்தது. இருமியது, துள்ளியது, நின்றுவிட்டது.

பிறகு வந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். மணி ஏழு. மெட்ராஸ் பஸ் எங்களுக்கு முன்னாலேயே போயாகிவிட்டது. என் படிப்பு, என் வேலை எல்லாம் கம்பு உமியில் முடிந்தது என்றே நினைத்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகை வரவில்லை, அது நல்லதாகப் போயிற்று. "ஸ்பானர எடுங்க" என்றேன். பானட்டைத் திறந்தோம். குழல் இரண்டிலும் உமி அடைத்து நின்றது. கழற்றினார். உள்ளே சிக்கியிருந்ததை நான் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். காற்று மேலும் உமியைக் கொண்டுவந்து கொட்டியது. இன்னொரு முறை ஏற்றச் சொன்ன அதே பெண் ஓடிவந்து, முறத்தை எஞ்சினுக்குப் பக்கத்தில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்களாலதான் ஆச்சு, மன்னிச்சுக்க தாயி" என்றார். "உங்களால இல்லம்மா" என்று சொல்லி என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து குழலை உதறிக்கொண்டிருந்தார்.

வேட்டியைப் பிரித்து நான் சட்டியை நீட்டியபோது அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எஞ்சின் ஆயில் இல்லை. கடலை எண்ணெய் டின்னை உடைத்து ஊற்றினேன். தூசி ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே. சட்டியை மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பும் கம்பியை முன்னால் போட்டுச் சுற்றினார். ஆறாவது சுற்றில் உயிர் வந்தது. மெட்ராஸ் வரைக்கும் வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. வழியெல்லாம் வடை சுடும் வாசனைதான்.

கல்லூரி வராந்தாவில் நான் கால் வைத்தபோது என் பெயரை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விரல்களில் கரி, தலையில் கம்பு உமி. உள்ளே தேர்வு செய்தவர்களில் ஒரு அம்மையார், "கையில் என்ன?" என்று கேட்டார். காரைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். வேறு கேள்வி அதிகமில்லை. இடம் கிடைத்துவிட்டது.

ஹாஸ்டலில் சேர்ந்த சில நாளில் ஊரிலிருந்து வந்த ஒருத்தி, என் கணவர் கடைத்தெருவில் பேசியதைச் சொன்னாள். பித்தளைக் குழல் இல்லாவிட்டால் அன்றைக்கு மெட்ராஸ் போயிருக்கவே முடியாது என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரட்டும், நேரிலேயே கேட்கிறேன் என்று காத்திருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தெருக்கோடியிலேயே சத்தம் கேட்டுவிடும் என்று கேட் தெரியாத மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆயிற்று. சத்தமே இல்லை. அவர் அம்மா விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வாட்ச்மேன் வந்து, "உங்களப் பாக்க ஒருத்தர் நாலு மணிலேர்ந்து உக்காந்திருக்காரும்மா, கூப்பிடவும் கூச்சப்படறாரு" என்றார்.

ஓடினேன். கேட்டுக்கு வெளியே கார் நின்றது. நேராகப் போய் பானட்டைத் தூக்கினேன். உள்ளே தகரச் சட்டி இருந்தது.

"குழல் எங்க?"

"மண்டியில. டின்னுல எண்ண ஊத்தறதுக்குப் புனலா வச்சுக்கினேன். அதுக்கு ரொம்ப நல்லா இருக்குது."

"கடத்தெருவுல வேற மாதிரி சொன்னீங்களாமே?"

"அது கடத்தெரு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கட்டுப்பாடான எடம். அந்தச் சத்தத்தோட வந்தா உன்னத்தானே ஏதாவது சொல்லுவாங்க. ஏற்கெனவே ஒரு தபா உன் படிப்பு என்னால போகப் பாத்துது" என்றார்.

வாட்ச்மேன் எதிரிலேயே அழுதேன். ஐந்து மணி அடித்துவிட்டது என்று அவர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.