வெரிஃபிகேஷன் காலில் இன்னொரு குரல்

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து வெங்கடாசலம் சார் என் வக்கீல் ஆபீஸில் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான். "கேஸைக் கம்பெனி மேல போடுங்கோ மேடம். பையன் பேரு மட்டும் வரப்படாது."

பையன் என்றால் பாலாஜி. அவர் குடியிருக்கும் அக்ரஹாரத்திலேயே சில வீடுகள் தள்ளி இருப்பவன், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்வைசர், அதாவது ஏஜென்ட். "பாங்க் எஃப்.டி. மாதிரிதான் மாமா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று சொல்லி, இவருடைய ரிட்டயர்மென்ட் பணம் முழுவதையும் மார்க்கெட்டோடு ஏறி இறங்கும் ஒரு பாலிசியில் போட வைத்துவிட்டான். ஐந்து வருஷத்துக்குக் கை வைக்க முடியாத பாலிசி அது. மறு வருஷமே அவர் மனைவிக்கு, மாமிக்கு, இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பணத்தைக் கேட்டால் கம்பெனி கையை விரித்தது. மாமி பாத்ரூமுக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தார்.

வெங்கடாசலம் அரசு ஆபீஸில் ஆடிட் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். ஒரு ரூபாய் இடித்தாலும் பில்லைத் திருப்பி அனுப்பிய மனிதர், தன் பாலிசியில் மட்டும் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் சார் என்று கேட்டேன்.

"நம்மாத்துப் பிள்ளை மாதிரி. அவனை எதிர்க்க உக்கார வெச்சுண்டு படிச்சா, உன்னை நம்பலைன்னு சொல்ற மாதிரி ஆயிடாதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடங்கிய பிறகு சட்டத்தைச் சொன்னேன். ஏஜென்ட் விற்கும்போது சொன்ன வார்த்தைக்குக் கம்பெனி பொறுப்பு. பொய் சொல்லி விற்றவன் தானும் பொறுப்பு. இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பதுதான் முறை. அவர் மசியவில்லை. நுகர்வோர் கமிஷனில் கம்பெனியை மட்டும் சேர்த்து மனு போட்டேன்.

கம்பெனியின் பதில் மொத்தமும் ஒரு வெரிஃபிகேஷன் காலில் நின்றது. பாலிசி கொடுப்பதற்கு முன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, ஐந்து வருஷம் எடுக்க முடியாது, நஷ்டமும் வரலாம், சம்மதமா என்று கேட்பார்கள். வெங்கடாசலம் எல்லாவற்றுக்கும் மலையாளத்தில் "அதெ, அதெ" என்று ஆமாம் போட்டிருக்கிறார். அந்த ஒலிப்பதிவும் அதை டைப் செய்த பிரதியும் வந்தன. எல்லாம் விளக்கிச் சொன்னேன் என்று பாலாஜி கொடுத்த அபிடவிட்டும் கூடவே வந்தது. நாங்கள் விட்டுவைத்த பையனைக் கம்பெனியே சாட்சியாக இழுத்துவிட்டிருந்தது.

பிரதியைப் படித்தால் எங்கள் கேஸ் அவ்வளவுதான். ஆனால் அடுத்தவர் டைப் செய்ததை நான் லேசில் நம்புகிறவள் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஐந்து வருஷக் கேள்வி வந்ததும் வெங்கடாசலம் பேசாமல் இருக்கிறார். பின்னால் பாலாஜியின் குரல். "ஆமான்னு சொல்லுங்கோ மாமா. இது எல்லார்ட்டயும் கேக்கறதுதான், நமக்கு அதெல்லாம் கிடையாது." அதற்கப்புறம்தான் அந்த "அதெ". வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து டைப் செய்தவருக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. அந்த இடத்தில் 'வீட்டுச் சத்தம்' என்று போட்டிருந்தார்.

அன்றே கரமனைக்குப் போய் அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். வெங்கடாசலத்தின் முகம் மாறவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

"இதை அங்க போட வேண்டாம் மேடம். அவனுக்குக் கல்யாணம் பேசிண்டிருக்கா."

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பேசட்டும், நன்னா நடக்கட்டும். அந்தக் கல்யாணத்துக்கு நான் நடந்து போக வேண்டாமா? நீங்க போடுங்கோ மேடம்."

கமிஷனில் பாலாஜி சாட்சியாக நின்றான். ஒலிப்பதிவு ஓடியது. திருவனந்தபுரத்தில் இந்தத் தமிழ் புரியாதவர் யார் இருக்கிறார்கள்? கம்பெனி வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "ஆ பின்னில் கேட்ட சப்தம் ஆருடெயா?" என்று, அந்தப் பின்னணிக் குரல் யாருடையது என்று மலையாளத்தில் கேட்டேன். பாலாஜி வெங்கடாசலத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்டெயாணு, மேடம்." தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டான்.

இல்லை என்று சாதித்திருந்தால் கேட்பதற்கு வரிசையாகக் கேள்விகள் வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி எனக்கு அங்கேயே போய்விட்டது.

பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி கமிஷன் உத்தரவு போட்டது. மாமிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாலாஜியின் வேலை போயிற்று. அவனைக் கேஸில் சேர்க்க விடாத வெங்கடாசலத்தின் தாட்சண்யம் இல்லையென்றால் அவன் கைப்பணமும் போயிருக்கும்.

போன மழைக்காலத்தில் மாமி கைத்தடிகூட இல்லாமல் என் ஆபீஸுக்கு நடந்து வந்தார். பாலாஜி இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறானாம். இவர்களே அவனிடம் ஒரு மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"இவர் இந்தத் தடவை அவனை எதிர்க்கவே உக்கார வெச்சுண்டு ஒரு வரி விடாம படிச்சார் மேடம். அப்பறம் அந்த வெரிஃபிகேஷன் கால் வந்தது. அவன் எழுந்து தெருவுக்குப் போயிட்டான். கொட்டற மழை. உள்ள வாடான்னா வரலை. 'நீங்க பேசி முடிங்கோ மாமி'ன்னு குடையைப் பிடிச்சுண்டு நிக்கறான்."

இப்போது என்னிடம் யோசனை கேட்டு வரும் அட்வைசர்களுக்கு நான் சட்டப் பிரிவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. கால் வந்தால் எழுந்து தெருவுக்குப் போங்கள், போகும்போது குடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.