வேலுத்தாய் பார்த்து வாங்கிய தலைவிளக்கு

வேலுத்தாய் எதையும் பார்த்துத்தான் வாங்குவாள். குடை என்றால் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுவாள். தீப்பெட்டி என்றால் காதருகே குலுக்கிப் பார்ப்பாள். சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளோடு பஜாருக்குப் போகவே பயப்படுவார்கள். போனால் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான். அவளுடைய அண்ணன் பெரியமுத்துவும் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். எழுபத்து நான்காம் வருஷத்து ஆடி மாதத்தோடு அதை நிறுத்திவிட்டான்.

பெரியமுத்துவுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை. மலை உச்சியில் ஓடையைத் தடுத்து, அங்கிருந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் குழாய் இறக்கியிருந்தார்கள். மழை பிடித்தால் சருகும் மண்ணும் வந்து அடைக்கும்; இணைப்புகள் கழன்றுகொள்ளும். அதனால் மழைக்காலம் முழுக்க அவன் ஓடைக்கரையில் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கிவிடுவான். முந்தின வருஷம் அரிக்கேன் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் இணைப்பை முடுக்கும்போது வழுக்கி விழுந்தான். விளக்கு ஓடையோடு போயிற்று. முழங்கால் பிளந்தது. லயத்துக் குழாய்கள் வறண்டு கிடந்தன.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேல வேற ஆளு போவான். நீ கீழ வந்து களை வெட்டு” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அந்த வேலை பெரியமுத்துவின் உயிர். ஆகவே மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் கட்டுகிற டார்ச் விளக்கு வாங்க மூணாறுக்குப் புறப்பட்டான். “நானும் வாரேன்” என்று வேலுத்தாய் கூடவே பஸ் ஏறினாள்.

ரோசி சேச்சியின் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பளபளவென்று நிக்கல் பூசியது. பேட்டரியும் தலையிலேயே உட்காரும். மற்றது சாதாரணத் தகரம். பேட்டரிப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், அங்கிருந்து ஒயர் தலைக்கு ஏறும்.

எஸ்டேட்டில் டார்ச் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது ஒன்றைத்தான்: வெளிச்சம் எதிர்மலை லயத்துச் சுவரில் போய் விழுகிறதா? பெரியமுத்துவும் நிக்கல் விளக்கைக் கட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, ஆற்றுக்கு அப்பால் இருட்டாகக் கிடந்த ஒரு கொட்டகைக்குள் அடித்தான். உள்ளே படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

“பாத்தியா வேலு! மாட்டோட கொம்பே தெரியுது.”

“அண்ணே, நீ மாடு பிடிக்கவா போற? குழாய் உன் கைக்கு எட்டுற தூரத்துலதான இருக்கு?”

“உங்க தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சதோ?” என்று ரோசி சேச்சி சிரித்தாள்.

“மூணாங்கிளாஸ் சேச்சி. ரெண்டையும் ஒரு நிமிசம் குடுங்க, பக்கத்துக் கடை வரைக்கும்தான்.”

பக்கத்தில் டீக்கடை. பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு அண்டாவில் வெந்நீர் கொதித்து ஆவி திரண்டு நின்றது. வேலுத்தாய் நிக்கல் விளக்கை அண்ணன் தலையில் கட்டி, ஆவிக்கு நேரே அவனை நிறுத்தினாள். கண்ணெதிரே வெள்ளைத் திரை விழுந்தது; அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்து தகர விளக்கைக் கட்டினாள். மங்கலான மஞ்சள் வெளிச்சம் பரவலாக விழுந்தது. ஆவிக்குப் பின்னாலிருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“ஏம்மா, ஆவி பிடிக்க என் கடை என்ன ஆஸ்பத்திரியா?” என்றார் டீக்கடைக்காரர்.

“ரெண்டு டீ போடுங்கண்ணே, சும்மா நிக்கல” என்றாள் அவள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். “மலையில பனிமஞ்சு மூடினா இந்த ஆவி மாதிரிதான. லாரிக்காரங்க முன்விளக்குல மஞ்சத்தாள் ஒட்டுறத நீ பாத்ததில்லையா?”

தினமும் பார்க்கிறதுதான். அவனுக்குத் தோன்றவில்லை.

நிக்கல் விளக்குக்குத் தட்டை பேட்டரி வேண்டும். அது எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டும். தகர விளக்குக்கு ரேடியோவுக்குப் போடுகிற பேட்டரியே போதும், எஸ்டேட் கடையிலேயே கிடைக்கும். அதையும் விசாரித்த பிறகுதான் வேலுத்தாய் தலையை ஆட்டினாள். விலையிலும் அதுதான் அவர்கள் கைக்கு அடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கின் வாரைப் பிரித்தாள். “இப்படி நெத்தியில போட்டா குனியும்போது கண்ணுல இறங்கும்” என்று பழைய சேலைத் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்தாள். நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “இங்க வை. அசையாது.”

ஆடியில் மழை வலுத்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், தடுப்புக்குக் கீழே உள்ள பெரிய இணைப்பு கழன்று தண்ணீர் பீறிட்டது. மலை முழுக்க மூடுபனி. பெரியமுத்து விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆனால் கையெட்டும் தூரம் முழுவதும் தெரிந்தது. இணைப்புக்குள் இருந்த ரப்பர் வாசர் தெரிந்தது, குழாய் முனையின் திருகு மரை தெரிந்தது. கால் வைத்த பாறையின் பாசிகூடத் தெரிந்தது. குழாயை முழங்காலால் அணைத்துக்கொண்டு இரண்டு கையாலும் முடுக்கினான். எத்தனை குனிந்தும் விளக்கு வைத்த இடத்திலேயே நின்றது. கடைசிச் சொட்டும் நின்றபோது, ஆளில்லாத அந்த ஓடைக்கரையில் “வேலு” என்று வாய்விட்டுச் சொன்னான்.

லயத்தில் குழாய் நின்றதை யாரும் அறியவில்லை. சூப்பர்வைசருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

சாமான் வாங்க அவன் கீழே இறங்கிய அன்று, பெண்கள் கொழுந்துக் கூடையோடு நிறுவைக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் கடைசியாக வந்தாள். பெரியமுத்து அவள் கூடையை வாங்கி முதுகில் ஏற்றி, கயிற்றைத் தன் தலையில் மாட்டினான். ஆண்கள் யாரும் அங்கே அப்படிச் செய்வதில்லை.

“அடியே, பெரியமுத்தண்ணன் கொழுந்தெடுக்க வந்துட்டாரு!” என்று முன்னால் போன முத்துப்பேச்சி கூவ, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“அண்ணே, கயிறு நெத்திக்கு வருது பாரு” என்றாள் வேலுத்தாய்.

அவன் கயிற்றைச் சற்று மேலே நகர்த்தினான், அவள் விரலால் தொட்டுக் காட்டிய அதே இடத்துக்கு. பாரம் சரியாக உட்கார்ந்தது. பதினாலு வயதிலிருந்து தங்கை இந்த இடத்தில்தான் எஸ்டேட்டுக் கொழுந்தைச் சுமக்கிறாள் என்பது அப்போதுதான் அவன் தலைக்குத் தெரிந்தது. நிறுவைக் கொட்டகை வரை அவன் அந்தக் கூடையை இறக்கவில்லை.