பயந்த மனிதரின் கழனி

எங்கள் தெரு பால்ராஜ் மாமா காலை ஷிப்ட்டுக்குப் போன கம்பெனி பஸ்ஸிலேயே இறந்துபோனார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. அப்பா "இன்னாபா சொல்றே" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். புதுவாயல் கூட்டு ரோட்டில் மாமா வழக்கம்போல் ஏறி, வழக்கம்போல் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். விபத்து நடந்தால் அந்த இடம்தான் பத்திரம் என்பது அவர் கணக்கு. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பாவம், தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் சற்று நேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறார். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அவர் பயந்த பொருள்களின் வரிசையில் இதயம் இருந்ததே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவரைப் பற்றிச் சிலர் பேசப்போகிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அவரிடம் கீரையும் அரிசியும் வாங்கிய நம் தெருவினருக்காக இதை எழுதுகிறேன்.

மாமாவை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். நெடுஞ்சாலையைத் தனியாகக் கடக்கமாட்டார். துணைக்கு ஓர் ஆள் வரும்வரை டீக்கடையில் நிற்பார். பூச்சிமருந்து அதிகம் அடிப்பார்கள் என்று, காலிஃபிளவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரும்பு உருக்கும் கம்பெனியில் அவர் கிரேன் ஓட்டினார். கீழே ஒரு பூனை போனாலும் ஹாரன் அடிப்பாராம். அதனால் அங்கே அவருக்கு ஹாரன் பால்ராஜ் என்று பெயர். எங்கள் அம்மா, "உங்க மாமா தன் நிழலப் பாத்தே ஒதுங்கிப் போற ஆளு" என்பாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "பயப்புட்றவன்தான்மா பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று ஒரே ஒரு தடவை அப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இளவயதில் அவரும் அவர் அண்ணனும் கூலிக்கு மருந்து அடிக்கப் போவார்களாம். முதுகில் டேங்க், இடுப்பில் லுங்கி, முகத்தில் ஒன்றும் கிடையாது. ஒருநாள் காற்று திசை மாறியது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்து வாயில் நுரை தள்ளியதை மாமா பார்த்தார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்க அவரால் முடியவில்லை. மாமா கழனிப் பக்கமே வேண்டாம் என்று கம்பெனிக்குப் போனார். அங்கே போன பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. "தெனம் சோறு துன்றோம். அது எந்தக் கழனியிலேந்து வருதுன்னு தெரியலையே, இன்னா அட்ச்சிருப்பானோ?" என்று அப்பாவிடம் கேட்டார். அடுத்த சாகுபடிப் பட்டத்தில் மாமா ஏரிக்குக் கீழே கொஞ்சம் கழனியைக் குத்தகைக்கு எடுத்தார். கொள்கை, இலட்சியம் என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. பயந்துதான் அவர் இயற்கை விவசாயத்துக்கு வந்தார்.

வரப்புகளில் யாரோ வீசிவிட்டுப் போகும் காலி மருந்து டப்பாக்களை அவர் குச்சியால் தள்ளி ஒரு குழியில் சேர்ப்பார். நான் எந்த எழுத்தைக் கண்டாலும் படிக்கும் பெண் என்பதால் என்னைக் கூப்பிடுவார். "தொடாத. தள்ளி நின்னே படி" என்பார். சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை நான் சத்தமாகப் படிப்பேன். கண்மணி சுருங்கும், உமிழ்நீர் பெருகும், மூச்சுத் திணறும் என்று வரிவரியாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் அவர் ஓர் அடி பின்னால் நகர்வார். நான் படித்து முடிக்கும்போது பாதி வரப்பைக் கடந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு தனியாக நடக்கும்போது அந்த வரிகள் மட்டும் கூடவே வரும், சிரிப்பு வராது.

அவருடைய கழனியை நீங்கள் விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா? நாற்றுகளின் நுனியில் சிலந்தி வலைகள் பனியோடு மின்னும். ஒரு வரப்பு தாண்டினால் கஜேந்திரன் ஐயாவின் கழனி. அங்கே பயிர் இன்னும் கரும்பச்சையாக இருக்கும், ஆனால் ஒரு வலைகூட இருக்காது. மாமாவின் கழனியில் தவளைகள் கத்தும், தட்டான்கள் தாழப் பறக்கும், வாத்துகள் பயிர் வரிசைகளுக்குள் புகுந்து பூச்சியைப் பிடித்துத் தின்னும். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து அவர் தெளிக்கும் கரைசலின் நாற்றம் சட்டையோடு பஸ் ஏறும். கூட வேலை பார்ப்பவர்கள், "யோவ், மீன் மார்க்கெட்டு ஏறிச்சிடா" என்று ஜன்னலைத் திறப்பார்களாம். முதல் இரண்டு பட்டங்களில் விளைச்சல் குறைவுதான். ஆனால் அந்த அரிசியில் வடித்த காலைச் சோறு இரவிலும் ஊசாமல் இருந்தது. சர்க்கரை நோயுள்ள என் அப்பா அந்தச் சிவப்பரிசிக்கு மாறிய பிறகு, சாப்பிட்டதும் வரும் அசதி குறைந்ததாகச் சொன்னார். மண்ணை ஒரு கை அள்ளினால் புழு நெளியும். "இது நெளியிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரும்" என்பார் மாமா.

ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. பக்கத்தில் போர்வெல் இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தமாட்டார். அந்தத் தண்ணீர் பாத்திரத்தில் மஞ்சளாகப் படிந்தது. கம்பெனிகளின் கழிவு நிலத்தடியில் கலந்திருக்குமோ என்று பயந்தார். ஏரித் தண்ணீர்தான் வேண்டும். ஏரித் தண்ணீரோ கஜேந்திரன் ஐயாவின் கழனி வழியாகத்தான் கீழே வரும். வரப்பில் மண்ணை வெட்டித் திறக்கும் சின்ன மடைதான் இரண்டு கழனிக்கும் நடுவே இருந்த வாசல். மேலே தண்ணீரில் கரையும் குருணை மருந்து போட்டால் கீழே மடையை அடைத்தாக வேண்டும். போடுவதற்கு முன்னால் கஜேந்திரன் ஐயா மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்வார். மாமா மடையை மண் வைத்து மிதித்து அடைத்துவிட்டு, வாத்துகளை வீட்டிலேயே கட்டிவைப்பார்.

என் அக்கா கௌரி தலைப்பிரசவத்துக்குத் திருநின்றவூரிலிருந்து வந்திருந்த சமயத்தில் அது ஒருமுறை தவறிப்போனது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்தடிக்காத கீரைதான் தரவேண்டும் என்று மாமாவின் மனைவி ரூபி அத்தை தினமும் ஒரு கட்டு எடுத்துவைப்பார். மாமாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். காலையில் வரப்பில் அவரைப் பார்த்துச் சொல்லலாம் என்று கஜேந்திரன் ஐயா இருந்திருக்கிறார். அன்று பார்த்து மாமாவின் இடத்துக்கு வர வேண்டியவர் வேலைக்கு வரவில்லை. மாமாவை அடுத்த ஷிப்ட்டும் பார்க்கச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கஜேந்திரன் ஐயா போன் செய்தார். கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் அது கம்பெனி வாசலில் பெட்டிக்குள் ஒலித்து அடங்கியது. மிஸ்டு காலைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நினைத்து அவர் மருந்தைப் போட்டுவிட்டார். ரூபி அத்தைக்கு எதுவும் தெரியாது. மடை திறந்திருந்தது. அத்தை வாத்துகளை இறக்கிவிட்டார். பறித்த கீரையை எப்போதும்போல் மடை வாயிலேயே அலசிக் கட்டி, நம் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, கம்பெனி கேண்டீன் வேலைக்குப் போய்விட்டார்.

மதியம் மாமா வந்து கழனியைப் பார்த்தார். வாத்துகள் தண்ணீரில் தலை கவிழ்ந்து கிடந்தன.

அன்று பள்ளிக்கு விடுமுறை. மாமா எங்கள் வாசலுக்கு வந்தபோது கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வீட்டுக்குள் வராமலே கேட்டார்.

"காலைல குட்த்த கீரைய ஆக்கிட்டியாமா?"

"ஆக்கி, துன்னு, பாத்திரமும் கய்விட்டேன். இன்னாத்துக்கு இப்போ?" என்றாள் அம்மா.

"யாரு யாரு துன்னீங்க?"

"கௌரிக்குத்தானே குட்த்தீங்க. அவதான் ரெண்டு தபா போட்டுக்கினா."

மாமா நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, கஜேந்திரன் ஐயா மேலும் பழி போடவில்லை. அக்கா தன் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். நான் அவள் கண்ணுக்கு அருகே போய்க் கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். அப்படிப் பார்க்க எனக்குத் தெரிந்திருந்ததே பயங்கரமாக இருந்தது.

மாமா கஜேந்திரன் ஐயா வீட்டுக்கு ஓடி அந்த மருந்தின் காலி உறையைக் கவரில் போட்டு எடுத்துவந்தார். வாழ்நாளெல்லாம் குச்சியால் தள்ளிய பொருளை அன்று மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு ஷேர் ஆட்டோவில் வந்தார். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உறையைப் படித்துவிட்டு, கீரையை எப்படிச் சமைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் மறுபடி அலசித்தான் சமைத்ததாக அம்மா சொன்னாள். யார் கொடுத்தாலும் அலசாமல் ஆக்காதே என்று மாமாதான் அவளை நச்சரித்து வைத்திருந்தார். அக்காவை மறுநாள் வரை அங்கேயே படுக்கவைத்தார்கள். மாமா எங்களை விட்டுவிட்டுத் தெருவுக்குத் திரும்பி, கீரை போன ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். சமைக்காத கட்டுகளை வாங்கிக் குழியில் புதைத்தார்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறந்த குழந்தை இன்று ஓடி விளையாடுகிறாள். அந்தக் கீரையில் நஞ்சு ஏறியிருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சொன்னதற்கு நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். "உன் கீரையும் வாணாம், உன் பேஜாரும் வாணாம்" என்று சில வீடுகளில் கதவைச் சாத்தினோம். அம்மாகூட ஒரு பட்டம் முழுக்கக் கடைக் கீரை வாங்கினாள். கடைக் கீரையை எந்தத் தண்ணீரில் அலசினார்கள் என்று சொல்ல யாரும் வாசலுக்கு வருவதில்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதன்பிறகு அவளே மாமா வீட்டுக்குப் போனாள்.

கஜேந்திரன் ஐயாவிடம் மாமா சண்டைக்குப் போகவில்லை. போய் அவர் வாசலில் சும்மா நின்றாராம். கடைசியில் ஐயாவே, "உன் மொகத்தப் பாத்தா எனக்கே பயமா கீதுபா" என்று சொல்லி, இனி நேரில் ஆளைப் பார்த்துச் சொல்லாமல் மருந்து மூட்டையைப் பிரிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மாமாவின் கழனியை ஒட்டிய ஒரு துண்டில் மருந்தையே நிறுத்தினார். மீதியில் நிறுத்தவில்லை. அவருக்கும் பூச்சியைப் பற்றிய பயம் இருந்தது.

மாமாவை அடக்கம் செய்து சில நாட்கள் கழித்து நானும் அப்பாவும் காலையில் கழனிக்குப் போனோம். நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் பருவம் இது. ரூபி அத்தை வீட்டில், பிறகு வாங்கி வளர்த்த வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. இந்தக் கழனியை இனி யார் பார்ப்பார்கள், மடையை யார் அடைப்பார்கள், நஞ்சில்லாத இந்தத் துண்டு மண் இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கஜேந்திரன் ஐயா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். காலடியில் மருந்து மூட்டை, பிரிக்காமல் இருந்தது.

"குருத்துப்பூச்சி வந்துக்கீது. போட்டே ஆவணும்" என்றார் அப்பாவிடம். "ரூபிகிட்ட போய் இத எப்படிச் சொல்றது? நேத்தும் வந்து நின்னுட்டுப் போய்ட்டேன். சொல்லாம பிரிக்க மாட்டேன்னு அவனுக்கு வாக்கு குட்த்துட்டேன். இப்போ யார்கிட்ட சொல்றது?"

நாலு பேர் முன்னால் பேச வராத நான் அப்பாவை முந்திக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லுங்க."

கஜேந்திரன் ஐயா மாமாவிடம் சொல்வதுபோலவே சொன்னார்: "இன்னிக்குப் போட்றேன், பாப்பா. ஏழெட்டு நாளைக்கு மடையத் தெறக்காதீங்க."

நான் இறங்கி மண்ணை வெட்டி வைத்து மிதித்தேன். போதுமா என்று தெரியாமல் மேலும் வைத்தேன். அப்பா "போதும் வா" என்ற பிறகும் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். ரூபி அத்தையிடம் போய் வாத்துகளைக் கட்டச் சொன்னேன். அவர் என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மாமாவின் படம் அத்தை வீட்டில் இருக்கிறது. அவர் எடுத்துவைத்திருந்த விதைநெல்லை அப்பா பத்திரப்படுத்தியிருக்கிறார். நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. பள்ளி விட்டதும் அதுதான் என்னை மடைக்கு இழுத்துப்போகிறது. நேற்று கெடு முடிந்தது. நான் மடையைத் திறந்ததும் அத்தை வாத்துகளைக் கழனியில் இறக்கிவிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவை கத்திக்கொண்டே பயிருக்குள் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன்.